ஓரத்துக்கு நகர்த்துகிறவர்

கணினியில் கோப்பைத் திறந்து படிக்கிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோப்பு வட்டில் எந்த இடத்தில் படுத்திருக்கிறது என்று கவலைப்படுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் ஓரத்தடத்தார்.

சுழலும் வட்டில் வெளிச்சுற்று பெரியது, உள்சுற்று சிறியது. வெளியே கூடுதலாக அடங்கும், வேகமாகவும் படிக்கலாம். இதில் பொய் இல்லை. ஆனால் கணினியின் இயங்குதளம் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை; 'எழுநூற்றுப் பத்தாம் கட்டத்தைக் கொடு' என்று எண்ணைச் சொல்வதோடு சரி, அது எந்தச் சுற்றில் என்பது வட்டின் பாடு. முன்பெல்லாம் எந்தச் சுற்று என்று அதுவும் கேட்டதுண்டு. எல்லாச் சுற்றிலும் அறுபத்து மூன்று கட்டம் என்று வட்டு வாய் கூசாமல் பொய் சொல்லும், இயங்குதளமும் நம்பினாற்போல் தலையாட்டும், குடித்தனம் நன்றாகவே நடந்தது.

நம்மவருக்குப் பொறுக்குமா? விடுமுறை தவறாமல் கோப்புகளை நகர்த்தும் நிரலை ஓடவிட்டு, மேலதிகாரியின் கடிதங்களை வெளி ஓரத்தில் குடியேற்றுவார். மைத்துனரின் படங்களை உள்சுற்றுக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

அப்படி ஒரு விடுமுறையன்று மூன்று மணிக்கு மனைவி வந்தாள். பதினோரு வருடமாக அவள் காத்திருந்த தலைமை நூலகர் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது.

"விண்ணப்பம் எழுதி முடிச்சிட்டேன். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"இரு, அது நடுவுல கிடக்கு. ஓரத்துக்குக் கொண்டுபோயிட்டா ஒரே நொடியில போயிடும்."

"இப்பவே அனுப்பினா?"

"ரெண்டு நொடி ஆகும்."

நகர்வு முடியும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். விசைப்பலகையை மடியில் வைத்துக் காவல் இருந்தார். நாலே முக்காலுக்கு எழுபது சதவீதம். கெஞ்சிப் பார்த்தவள், கடைசியில் கணினி பழுதுபார்ப்பவரைப் போனில் பிடித்தாள்.

"போன மாசமே பழைய வட்டை எடுத்துட்டு புதுசு மாத்திட்டேனேம்மா. உள்ள சுத்துற வட்டே கிடையாது, வெறும் சிப்புதான். சார்கிட்ட சொன்னேனே."

ஓரத்தடத்தார் போனை வாங்கினார்.

"அப்ப இதுக்கு வெளி ஓரம் எந்தப் பக்கம்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கையில் ஐந்தடித்தது. மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவருக்கும் மனசு தாங்கவில்லை. தன்னால் ஆனது இதுதான் என்று, கணினிப் பெட்டியை மெல்லத் தூக்கி மேசையின் ஓரத்தில் வைத்தார்.

பாவம், சிரிக்காதீர்கள். நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். இன்றைக்குள் முடிக்கவேண்டிய வேலை ஒன்று உங்களுக்கும் இருக்கிறது. அதற்கு முன்னால் மனதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றுதானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? மணியைப் பாருங்கள்.