ஒரு உடம்புக்கு ஒரு வியாதி

யுவராணிக்குப் பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலை. பல வருடமாக எச்.ஐ.வி. மாத்திரையைத் தவறாமல் விழுங்கிக் கிருமியை அடக்கி வைத்திருந்தாள். அவளுக்கு மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தம் பட்டது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மகளிர் பிரிவு டாக்டர் நிர்மலாதேவி அவளுடைய சீட்டைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"உனக்கு இருக்கறது அந்த வியாதிம்மா. அந்தப் பிரிவுக்குப் போ."

அந்தப் பிரிவின் அதிகாரி பிரபாகர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"உங்க ரத்தத்துல கிருமியே தெரியலைங்க. நீங்கதான் எங்க மையத்தோட பெருமை! இந்த ரத்தப்போக்கு எங்க பிரிவுல வராது."

"அப்ப இது யாரு ரத்தமுங்க சார்?"

யுவராணி அவர் தலைக்கு மேலிருந்த சுவரொட்டியைக் காட்டினாள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், பரிசோதனை அவசியம் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அது விழிப்புணர்வுக்குங்க. உங்களுக்குத்தான் அந்த விழிப்புணர்வு வந்துடுச்சே!" என்று பிரபாகர் மனமாரப் பாராட்டினார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வளாகத்தில் புற்றுநோய் விழிப்புணர்வுப் பெருவிழா. ரோஸ் தொப்பி, உறுதிமொழி, செல்ஃபி எடுக்க ஒரு பெரிய சட்டம், மேலே பறக்கும் கேமரா. பரிசோதனைக் கூடாரமும் உண்டு. அங்கிருந்த கட்டிலில் விருந்தினர்களுக்கான பிரியாணிப் பொட்டலங்கள் படுத்திருந்தன. யுவராணி அவற்றை இறக்கிவிட்டு, தானே ஏறிப் படுத்தாள்.

"சிஸ்டர், பிரியாணிக்கு ஒண்ணும் ஆகாது. என்னைப் பாருங்க."

நர்ஸ் கலைமதி திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். மருந்து தடவிய இடம் சந்தேகப்படும்படி வெளுத்தது. சதைத் துணுக்கு பரிசோதனைக்காகச் சேலத்துக்குப் போனது. ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று முடிவு வந்த அன்று யுவராணி கலைமதியின் தோளில் சாய்ந்து அழுதாள். அறுவை நடந்தது. பிழைத்தாள்.

மறுவருட விழாவுக்கு அவளையே மேடையேற்றினார்கள்.

"தொப்பி போட்டா வியாதி தெரியாதுங்க. வந்து படுங்க, பார்த்துக்குங்க. அஞ்சு நிமிஷ வேலை."

கைதட்டல் பந்தலை உலுக்கியது. டாக்டர் நிர்மலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் கூட்டமாக எழுந்து செல்ஃபிச் சட்டத்துக்கு ஓடினார்கள். அந்தப் படங்கள் நம் எல்லோருடைய போனுக்கும் வந்தன. நாமும் குறையில்லாமல் இதயக்குறி போட்டோம்.

கூடாரத்துக்குள் கலைமதி கையுறை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்தாள், தொப்பி இங்கே கொடுக்கிறார்களா என்று கேட்க.