கண்ணாடிக்கூடத்துக் கொடியில் யாருக்கு என்ன பங்கு

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக்கூடத்திலிருந்து தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் அம்மாவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்கப்போவதில்லை. நேற்றுப் பத்திரிகையில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்ததைப் பார்த்துவிட்டேன்.

பதினோரு வருடத்துக்கு முன் ஏதோ காட்டிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, என் கையில் திணித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த காட்டுக்குக் கிளம்பினீர்களே, அந்தக் கொடி போன வாரம் பூத்தது. அன்றோடு என் தூக்கம் போச்சு. யாரும் பார்த்திராத பூ என்று இயக்குநர் குதிக்கிறார், உங்களுக்கு விழாவாம், பலகையாம், 'சேகரித்தவர்' என்று உங்கள் பெயராம், அதை எழுதப்போவது யாரென்றால் பலகை எழுதும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற இந்த இளிச்சவாயன்தான். இருநூறு வருடத் தோட்டம், காய்ச்சலில் செத்த சேகரிப்பாளருக்குப் பலகை, மரத்திலிருந்து விழுந்தவருக்குப் பலகை, கப்பலிலேயே செடியைச் சாகடித்தவருக்கும் பலகை. தண்ணீர் ஊற்றியவனுக்கு ஒரு குச்சிகூட நட்டதில்லை. வீட்டில் புலம்பினால் அம்மா, "அவன் கண்டுபிடிச்சான், நீ தண்ணிதானே ஊத்தின" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது அண்ணா, மறைப்பானேன். எறும்பு வந்தால் நான், பூஞ்சை பிடித்தால் நான், கூரை ஒழுகியபோது குடை பிடித்ததும் நான், அதில் குடை வேறு போச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொடியில் உங்கள் பங்கு இம்மியளவும் கிடையாது. ஆகவே இயக்குநரிடம் நீங்களே பேசி என் பெயரையும், முடிந்தால் உங்கள் பெயருக்கு மேலே, போடச் சொல்ல வேண்டியது. இல்லாவிட்டால் தூரிகையைத் தொடமாட்டேன்.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு, குறிப்பாக இளையவனுக்கு, சித்தப்பாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
தண்ணீர் ஊற்றியவன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிவைக்கிற அறையிலிருந்து பெண் ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்தார். பூவை லென்சில் பார்த்துவிட்டு, "இது நம்ம பின்பக்க வேலியில படர்ந்து கிடக்கிற கொடிதானே? மாசாமாசம் வெட்டிடறதால பூவை யாரும் பார்த்ததில்ல" என்றார். இயக்குநரிடம் நாளை சொல்லப்போகிறாராம். அண்ணா, உங்கள் கொடி வந்த மூன்றாம் மாதமே பட்டுப்போனது. நீங்கள் வருத்தப்படுவீர்களே என்று, உங்கள் சேகரிப்பு எண் போட்ட தகரச் சீட்டைக் கழற்றாமல், வேலியோரத்தில் கிடைத்த ஒரு கன்றை அதே தொட்டியில் வைத்தேன். மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடுங்கள், இயக்குநரிடம் என் பேச்சையே எடுக்க வேண்டாம். பலகையில் உங்கள் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி, இப்போதுதான் நட்டுவிட்டு வருகிறேன்.