குழந்தைநேசருக்கு மைனஸ் ஒன்று

"ஒண்ணாவது இருக்கும்மா, நல்லாப் பாருங்க," என்றார் உதவியாளர்.

நகரசபைப் பதிவறையின் குமாஸ்தா அம்மா தீர்மானப் புத்தகத்தை மூன்றாவது முறையாகப் புரட்டினார். பக்கத்தைத் தள்ளுகிற வேகத்திலேயே அவர் பொறுமை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது.

"நூலகத்துல குழந்தைங்களுக்குத் தனி அறை. உங்க ஐயா எதிர்ப்பு. பள்ளிக்கூட வாசல்ல வேகத்தடை. எதிர்ப்பு. விளையாட்டு மைதானம். எதிர்ப்பு. சாயங்கால ஓவிய வகுப்பு. எதிர்ப்பு. ரெண்டு வருஷத்துல மொத்தம் ஒன்பது தீர்மானம், ஒன்பதுக்கும் எதிர்ப்புக்குத்தான் கை தூக்கியிருக்காரு. இதுக்கு மேல தேடணும்னா புத்தகத்தைத் தலைகீழாத்தான் பிடிக்கணும்."

'உங்க ஐயா' என்று அந்த அம்மாள் சொன்ன உறுப்பினர் ஊருக்கெல்லாம் குழந்தைநேசர். அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை; அவரே எடுத்துக்கொண்டார். அவர் சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். எந்த விழாவுக்குப் போனாலும் கைக்கு அகப்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் படத்துக்கு நிற்பார். குழந்தை வீறிட்டு அழுதால், "பாசத்துல அழுவுது," என்பார். "குழந்தைகளே நம் கண்கள்" என்று சபையில் ஆரம்பித்தால் நாற்பது நிமிஷத்துக்கு யாரும் எழுந்து போக முடியாது.

அந்தப் பேச்சையெல்லாம் எழுதிக் கொடுத்தவர் நம் உதவியாளர்தான். பேசி முடித்த பிறகு ஐயா எதற்குக் கை தூக்குகிறார் என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது பார்க்க வைத்தது ஒரு கடிதம். ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவிலிருந்து நகரசபை உறுப்பினர்கள் எல்லோருக்கும் வந்திருந்தது. "குழந்தைகளுக்காக நீங்கள் பேசியதை ஒரு பக்கமும், நீங்கள் கை தூக்கியதை இன்னொரு பக்கமும் சார்ட் பேப்பரில் எழுதி மார்க் போடப் போகிறோம். கை தூக்கியதற்குத்தான் மார்க். முதல் ரேங்க் வாங்குகிறவருக்கு ஆண்டுவிழாவில் கேடயம் உண்டு." கீழே வகுப்புத் தலைவியின் கையெழுத்து. வகுப்புத் தலைவி உதவியாளரின் சொந்த மகள்.

குழந்தைநேசர் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, கேடயம் தனக்குத்தான் என்று மூன்று பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று.

"ஒன்பதுக்குப் பூஜ்யம்ங்கய்யா," என்றார் உதவியாளர் மென்று விழுங்கி.

"பூஜ்யமா? யோவ், பேச்சு நாப்பது நிமிஷம். கை தூக்கறது நாலு செகண்டு. எதுக்குய்யா மார்க் போடணும்?"

"அவங்க கைக்குத்தான் போடுறாங்க. ஐயா ஏன் எல்லாத்துக்கும் எதிர்ப்புனு..."

"முன்வரிசையில கட்சித் தலைவர் கை தூக்கினாரு, நானும் தூக்கினேன். பேச்சு மனசுல இருந்து வருது. கை முன்வரிசையில இருந்து வருது. இதுல என்ன தப்பு?" குழந்தைநேசர் நாற்காலியில் சாய்ந்தார். "அடுத்த மாசம் நகரசபைத் தலைவர் தேர்தல். நான் கேடயத்தோட நிக்கற படம்தான் சுவரொட்டி. படம் இல்லேன்னா ஆண்டுவிழாவுக்கு மறுநாள்ல இருந்து நீ வீட்டுலயே இருக்கலாம்."

பன்னிரண்டு வருஷ வேலை இப்படி ஒரு சார்ட் பேப்பரில் தொங்குமென்று உதவியாளர் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்குப் போனதும், சபைக் கூட்டக் காகிதங்கள் இருந்த பையை மூலையில் வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். மடியில் உட்காருகிற வயதைத் தாண்டிவிட்டவள், ஏதோ வரப்போகிறது என்று புரிந்துகொண்டாள்.

"கண்ணு, அந்த மார்க்கு விஷயத்துல கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?"

"பார்த்துத்தாம்பா போட்டோம். பூஜ்யம்."

"அப்பாவுக்காக ஒரு அஞ்சு?"

"போன பரீட்சையில டீச்சர்கிட்ட எனக்காக அஞ்சு மார்க் கேளுங்கன்னப்போ உழைச்சு வாங்குனு சொன்னீங்களே."

அடுக்களையிலிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. "என்னங்க, நீங்க எழுதின பேச்சுல ஏதோ ஒண்ணுல வருமே, 'குழந்தைகளிடம் நேர்மையை விதைப்போம்'னு. வெளைஞ்சு நிக்குது, அறுத்துக்குங்க."

மறுநாள் உதவியாளர் தன் எழுத்துத் திறமையை நம்பினார். ஒன்பது எதிர்ப்புக்கும் ஒன்பது விளக்கம் எழுதிப் பள்ளிக்கு அனுப்பினார். நூலக அறையை எதிர்த்தது குழந்தைகளின் கண் கெட்டுவிடக் கூடாதென்று. மைதானத்தை எதிர்த்தது முழங்கால் சிராய்த்துவிடக் கூடாதென்று. வேகத்தடையை எதிர்த்தது, அதில் ஏறி இறங்கினால் பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு வயிறு குலுங்குமே என்கிற கவலையில். அவருக்கே அதைப் படிக்கையில் கண் கலங்கியது.

சாயங்காலம் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். சார்ட்டில் 'சாக்கு' என்று மூன்றாவதாக ஒரு பத்தி முளைத்திருந்தது. அதில் குழந்தைநேசருக்கு ஒன்பதுக்கு ஒன்பது, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அப்போதுதான் பட்டியலின் உச்சியைக் கவனித்தார். முதல் ரேங்க், ஒன்பதுக்கு ஒன்பது ஆதரவு, சிடுசிடு. பள்ளிக்குப் பின்தெருவில் குடியிருக்கும் அந்த உறுப்பினருக்குச் சபையே வைத்த பெயர் அது. முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவருடைய 'பேசியது' பத்தியில் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கியம்தான் இருந்தது: "அதுங்களை முதல்ல வாயை மூடச் சொல்லுங்க." நூலக அறை, வேகத்தடை, மைதானம் மூன்றும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவை. அந்த ஒரு ஓட்டு அவருடையது.

உதவியாளர் சளைக்கவில்லை. பேச்சுக்கும் ஒரு கணக்கு இருக்கட்டுமே என்று, ஐயாவின் உரைகள் அத்தனையையும் கட்டாகக் கட்டி வகுப்புக்குக் கொடுத்தார். "இதுல 'குழந்தை'ங்கற சொல் எத்தனை வாட்டி வருதுனு எண்ணிப் பாருங்க. அப்போ தெரியும் ஐயாவோட பாசம்."

எண்ணினார்கள். முப்பத்தாறு பேரும் உட்கார்ந்து எண்ணினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு விரல் அகலம் என்று பட்டை வரைந்ததில், குழந்தைநேசரின் பட்டை சார்ட்டைத் தாண்டிச் சுவரில் ஏறி, கூரையில் திரும்பி, மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு எதிர்ச்சுவரில் இறங்கியது. அது தொட்ட இடத்தில் 'ஓட்டு' என்று எழுதி ஒரு பூஜ்யம் வரைந்திருந்தார்கள். கணக்கு டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற வகுப்புகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார். வேடிக்கை பார்க்க வந்த பெற்றோர் சிலர் படம்கூட எடுத்துக்கொண்டு போனார்கள்.

"கூரை வரைக்கும் போயிட்டேனாமே," என்று குழந்தைநேசர் முதலில் சந்தோஷப்பட்டார். எதிர்ச்சுவரில் என்ன இருக்கிறது என்று யாரோ சொன்ன பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, "இன்னும் எட்டு நாள்," என்று மட்டும் சொன்னார்.

இனி ஒரே வழிதான். புதிதாக ஒரு தீர்மானம் வர வேண்டும், அதற்கு ஐயா ஆதரவாகக் கை தூக்க வேண்டும். நல்லவேளையாக அந்த வாரக் கூட்டத்தில், உடைந்த ஊஞ்சல்களைப் பழுது பார்க்கும் தீர்மானம் இருந்தது. உதவியாளர் கட்சித் தலைவரின் காலைப் பிடித்து அனுமதி வாங்கினார். ஐயாவின் வலது கையில் 'ஆதரவு' என்று பேனாவால் எழுதியே விட்டார்.

"ஐயா, முன்வரிசையைப் பார்க்காதீங்க. கையை மட்டும் பாருங்க."

"தெரியும்யா. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே."

கூட்டம் நடந்தது. குழந்தைநேசர் ஊஞ்சலை ஆதரித்துப் பேச எழுந்தார். ஆதரித்தார், ஆதரித்தார், ஆதரித்துக்கொண்டே இருந்தார். ஊஞ்சல் முன்னால் போவதை எதிர்காலத்துக்கும் பின்னால் வருவதை வரலாற்றுக்கும் ஒப்பிட்டார். உறுப்பினர்களில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். உதவியாளர் பார்வையாளர் வரிசையிலிருந்து மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். தன் கடிகாரத்தை மெச்சுகிறான் என்று நினைத்து ஐயா புன்னகை செய்தார். கடைசியில் அவர் உட்கார்ந்தபோது மணி அடித்துச் சபை கலைந்தது.

குமாஸ்தா அம்மா கூசாமல் எழுதினார்: "உறுப்பினரின் உரை காரணமாக நேரம் போதாமல் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது."

ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் இது பெரிய விவாதமாகிவிட்டது. எதிர்த்தால் பூஜ்யம், சரி. யாரையுமே ஓட்டுப் போட விடாமல் செய்தால் என்ன மார்க்? பூஜ்யத்தைவிடக் குறைவாக ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது அடுத்த வருஷப் பாடம். இருந்தாலும் கணக்கு டீச்சர் இவருக்காகவே முன்கூட்டி நடத்தினார்.

"மைனஸ் ஒண்ணுப்பா," என்றாள் மகள் அன்று வீட்டில். "ரொம்ப ஈசியாப் புரிஞ்சுது."

உதவியாளர் அன்று சாப்பிடவில்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போனாப் போகட்டும் விடுங்க. நல்லா எழுதுறவருக்கு வேற வேலையா கிடைக்காது?" என்று தோளைத் தொட்டாள். அவள் ஆறுதலாகப் பேசியதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

ஐயாவை ஏற்ற முடியவில்லை என்றால் முதல் ரேங்க் காரரை இறக்க வேண்டியதுதான். அப்படித்தான், விழாவுக்கு முந்தின நாள் காலையில் உதவியாளர் சிடுசிடுவின் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது.

"யாரு? குழந்தை குட்டி யாராவது கூட வந்திருக்கா?"

"இல்லைங்க, நான் மட்டும்தான்."

"அப்போ உள்ள வாங்க."

உதவியாளர் பவ்யமாக உட்கார்ந்தார். "குழந்தைங்க மேல உங்களுக்கு இவ்வளவு அன்பு எப்படி வந்துச்சுனு தெரிஞ்சுக்கலாம்னுதான்..."

"அன்பா? எனக்கா?" சிடுசிடுவின் மீசை துடித்தது. "அதுங்க சத்தம் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். சில வாரம் இருக்கற இடமே தெரியாது. சில வாரம் பாருங்க, பள்ளிக்கூடம் விட்டதும் மொத்தக் கூட்டமும் என் வாசல்லதான். பந்து, விசில், தகர டப்பா. வெளியில போய்த் திட்டினா 'தாத்தா'னு கூப்பிட்டுக் கையாட்டுதுங்க."

"அதுக்கும் ஓட்டுக்கும்..."

"என்ன கேள்விங்க இது? மைதானம் வந்தா அங்க போய்த் தொலையும். நூலகம்னா வாயை மூடிக்கிட்டு உக்காரணும். ஓவிய வகுப்புல கையில பிரஷைக் குடுத்துட்டா ஒரு மணி நேரம் நிம்மதி. அதுங்களை என் வாசல்ல இருந்து கிளப்பறதுக்கு என்ன தீர்மானம் வந்தாலும் ரெண்டு கையையும் தூக்குவேன்."

உதவியாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அங்கிருந்து நேராகக் குழந்தைநேசரிடம் ஓடினார். குழந்தைநேசர் எழுந்து நின்று அவரைக் கட்டிக்கொண்டார்.

"இதை மட்டும் மேடையில சொல்லிடு. பிள்ளைங்க மனசு மாறிடும். அன்பே இல்லாதவனுக்கு எதுக்குக் கேடயம்? உன் வேலைக்கு இனி யாரும் கை வைக்க முடியாது, நான் பொறுப்பு."

விழா நாளன்று பள்ளியின் விழாக்கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் சிடுசிடுவின் நாற்காலி காலியாக இருந்தது. "முந்நூறு குழந்தைகள் உள்ள இடத்துக்கு நான் வருவதற்கில்லை. கேடயத்தைத் தபாலில் அனுப்பவும்" என்று கடிதம் வந்திருந்தது. குழந்தைநேசர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், பாதி அதிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கீழே புகைப்படக்காரர் தயாராக நின்றார்.

தலைமையாசிரியை முதல் ரேங்க் பெயரைப் படிக்க எழுந்ததும் உதவியாளர் கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம்," என்று மேடை ஏறினார். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வாய்க்கு எழுதியவர், இன்று முதல் தடவையாகத் தன் வாயால் பேசினார். நன்றாகவே பேசினார். சிடுசிடு சொன்னதை ஒரு சொல் விடாமல், மீசை துடித்தது உட்படச் சொன்னார்.

"ஆக, செல்லங்களே, அவரு உங்களுக்காக ஓட்டுப் போடலை. உங்க சத்தம் தாங்காம ஓட்டுப் போட்டாரு. உங்களைக் கண்டாலே ஆகாத ஒருத்தருக்கா நீங்க கேடயம் குடுக்கணும்? இது உங்களுக்குத் தெரியுமா?"

குழந்தைநேசர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு புகைப்படக்காரர் பக்கம் திரும்பினார். பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்பு 'பி' மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதவியாளரின் மகள் உதட்டில் விரலை வைத்து, பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தாள்.

இடி வாங்கியவன் வகுப்பிலேயே குட்டையானவன், முன்பல் இரண்டும் விழுந்தவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து அவனுக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்று, இடித்தவளைக் கையால் காட்டினான்.

"தெரியாம என்ன அங்கிள்? நீங்க வீட்டுக்குக் கொண்டு வர்ற பையில ஓட்டு என்னிக்குனு பார்த்து இவதான் வந்து சொல்லுவா, உடனே அந்த வாரம் பூரா நாங்க எல்லாரும் அவர் வாசல்ல போய்க் கத்துவோம்."