ஷவருக்காக ஒரு பந்தயம்

இனிமேல் சமையலறைக்குள் காலடி எடுத்து வைக்கக் கூடாது என்று வேம்பு தன் கணவரிடம் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சும்மா சொல்லவில்லை. தோசைத்திருப்பியை ஓங்கிக்கொண்டு சொன்னாள்.

அனந்தராமன் அப்படி என்ன பாவம் பண்ணிவிட்டார்? ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த மனுஷன். ரிடையராகி ஐந்து மாதம். தரம் பார்க்க வேறு எதுவும் அகப்படாமல் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தார். கத்திரிக்காய்த் துண்டு ஒரே அளவாக இல்லையே, பெருங்காய டப்பாவில் லேபிள் இல்லையே, குக்கர் நாலு விசில் விட்டதே, மூன்று போதாதா? எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்?

"ஏன்னா, முப்பது வருஷமா நான் சமைச்சதைச் சாப்ட்டுட்டு நன்னாத்தானே இருக்கேள்?"

"அதுக்கில்லை வேம்பு. எதுக்கும் ஒரு முறைன்னு இருக்கோல்லியோ?"

"அந்த முறையை பாத்ரூம்ல காட்டுங்கோ. ஒரு மாசமா ஷவர்ல தண்ணி சொட்டுசொட்டா வர்றது. தலைக்குக் குளிச்சா சீயக்காய் போக முக்கால் மணி ஆறது. இங்க கிச்சன் குழாய்ல மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டறது. ஏன்னு கண்டுபிடியுங்கோ பாப்போம்!"

"கண்டுபிடிச்சா?"

"அடுப்பங்கரைல இஷ்டத்துக்கு நின்னுக்கலாம். நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா பிளம்பரைக் கூப்பிடப்படாது. சனிக்கிழமைக்குள்ள முடியலையோ, இந்தப் படியைத் தாண்டப்படாது. பந்தயம்!"

அனந்தராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிற இடமே சமையலறை ஒன்றுதான். மகள் மஹதி கல்யாணமாகிப் பூனா போய்விட்டாள். ஹாலில் உட்கார்ந்தால் மின்விசிறிதான் துணை. லேபிள், விசில் எல்லாம் வெறும் சாக்கு. அவள் பக்கத்தில் போய் நிற்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

புதன்கிழமை ஷவரைக் கழற்றினார். போர் தண்ணீரின் உப்பு துளைகளை அடைத்துக்கொண்டு கல்லாகிக் கிடந்தது. புளித்தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையாக ஊசியால் குத்தி, திரும்ப மாட்டினார். அப்புறமும் ஒரு பக்கெட் நிறைய ஒன்பது நிமிஷம். அதே பக்கெட் சமையலறைக் குழாயில் இரண்டே நிமிஷம். கோளாறு மேலேதான் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

வியாழக்கிழமை மொட்டை மாடி. அந்தப் பக்கம் கபாலி கோபுரம், இந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. தொட்டியிலிருந்து ஆறு வீட்டுக்கும், சமையலறைக்கு ஒன்று பாத்ரூமுக்கு ஒன்று என்று குழாய்கள் இறங்கின. எது யாருடையது என்று ஒன்றிலும் எழுதவில்லை. இதெல்லாம் ஒரு நிர்வாகமா என்று திட்டிக்கொண்டே ஒரு வால்வை மூடிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து முதல் மாடி கலீமுல்லா தன் பாத்ரூமில் தலையில் சோப்போடு நின்றிருந்தார்; ஜன்னல் வழியாகக் கத்தினார். அடுக்ககத்தின் செகரட்டரியே அவர்தான்.

"யார் சார் மேல தண்ணிய நிறுத்துனது? கண்ணு எரியுது சார்!"

"சின்ன சோதனை கலீமுல்லா! அஞ்சே நிமிஷம்!"

"இன்னா சோதனை சார்? சோப்போட நின்னுகினு கீறேன்!"

வெட்கமாகிப் போய், வெள்ளிக்கிழமை முழுக்க ஒவ்வொரு குழாயிலும் வீட்டு எண்ணை பெயின்டால் எழுதினார். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள். "அட, எங்க லைன் இதுவா?" என்று இரண்டு பேர் கேட்கவே கேட்டார்கள். ஐந்து மாதத்தில் அன்றுதான் அவர் மத்தியானத் தூக்கத்தை மறந்தார். மனசுக்கு நன்றாக இருந்தது. இருட்டியபோது, தொட்டிக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக் குழாய் மட்டும் பாக்கி.

சனிக்கிழமை காலை, தன் வீட்டு பாத்ரூம் குழாயின் வால்வைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வால்வின் கைப்பிடியில் துணி காயப்போடும் கொடிக்கயிறு கட்டியிருந்தது. ஈரப் போர்வைகளின் கனம் இழுத்து இழுத்து, கைப்பிடி முக்கால்வாசி திரும்பி மூடியிருந்தது. கயிற்றை அவிழ்த்தார். கைப்பிடியை நேராக்கினார். மூன்று மாடியிலும் கேட்கிற மாதிரி தடதடவென்று இறங்கி ஷவரைத் திறந்தார். அருவிதான்! வேட்டி சட்டையோடு நனைந்தார்.

"வேம்பு! வால்வுல எந்த மடையன் கொடி கட்டினான்?"

"நான்தான்னா."

"நீயா?"

"போன மாசம் சுவத்து ஆணி விழுந்துடுத்து. கைக்குக் கிடைச்சதுல கட்டினேன். தப்பு என்னோடதுதான். நீங்க ஜெயிச்சுட்டேள்."

வேம்பு எதையும் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் யாருக்கு அதெல்லாம் தோன்றுகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜா மாதிரி சமையலறைக்குள் நுழைந்தார். வெண்டைக்காய் இன்னும் கொஞ்சம் பொடியாக இருக்கலாம் என்று ஆரம்பிப்பதற்குள் காலிங்பெல் அடித்தது. வாசலில் கலீமுல்லா. கையில் ஒரு சாவிக்கொத்து, முகத்தில் பெருநாள் சந்தோஷம்.

"வாழ்த்துகள் சார்! நேத்து சாயங்கால மீட்டிங்ல நீங்கதான் புது செகரட்டரின்னு ஒருமனதா முடிவாயிடுச்சு. இந்தாங்க மோட்டார் ரூம் சாவி. தண்ணி லாரி கீழ வந்து நின்னுகினு கீது. ரெண்டாவது மாடில வேற ஒழுகுது."

"நான் மீட்டிங்குக்கே வரலையேய்யா! என் பேரை யார் சொன்னது?"

"மாமிதான் சார். ஆறு வருஷமா ஆள் தேடினேன், ஒருத்தரும் சிக்கல. செவ்வாய்க்கிழமை மாமி வந்து, 'அவரை மாடிக்கு அனுப்பறேன், அவர் வேலை செய்யற அழகை நீங்களே பாருங்கோ, பிடிச்சிருந்தா வெச்சுக்கோங்கோ'ன்னாங்க."

அனந்தராமன் திரும்பிப் பார்த்தார். வேம்பு வெண்டைக்காயை விட்டுத் தலை நிமிரவில்லை.

"நாள் பூரா விட்டத்தைப் பார்த்துண்டு உக்காந்திருந்தேள். எனக்குப் பார்க்கச் சகிக்கலைன்னா" என்றாள். கத்தியால் வாசலைக் காட்டினாள். "லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், போங்கோ."

போனார். பந்தயத்தில் ஜெயித்த சமையலறையில் அவர் நின்றது மொத்தம் இரண்டரை நிமிஷம்.