மாப்பிள்ளையின் பாட்டில்

"கொஞ்சம்தானேடா கேக்கறேன்! உன் சைக்கிளையா எழுதி வைக்கச் சொன்னேன்?"

சுகாதார நிலையத்துக் கழிப்பறைக்குப் பின்னால் நின்று லபானி கெஞ்சினான். கையில் காலி பாட்டில். எதிரே அவன் நண்பன் தொகோ, சைக்கிளில் ஆளேற்றிப் பிழைப்பவன்.

"உனக்குக் கல்யாணம்னா நான் எதுக்குடா மூத்திரம் பெய்யணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவன் கட்டிக்கொள்ளப்போகிற எசினாலாவின் தாய்மாமன் கலிலொம்பே கறாராகச் சொல்லிவிட்டார்: ஏரித் தண்ணீரில் இறங்குகிறவர்களைத் தொற்றும் புழுவின் முட்டை சிறுநீரில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கல்யாணத் தேதி. இந்த ஏரிக்கரையில் பெண்ணும் பிள்ளையும் இதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ள முடியாது, தாய்மாமன் வழியாகத்தான் எல்லாம். லபானியோ மீன் பிடிக்கிறவன், பிறந்ததிலிருந்து மலாவி ஏரியிலேயே ஊறிக் கிடப்பவன். முட்டை இல்லாமல் இருக்குமா? எசினாலா கைநழுவிப் போய்விடக் கூடாதே என்றுதான் காலி பாட்டிலோடு தொகோவிடம் வந்திருந்தான்.

"நீ ஏரியில வலை வீசுறியா, முத்துக் குளிக்கிறியா? உனக்கு எங்கிருந்துடா புழு வரும்?" என்றான் லபானி.

தொகோ பெருமூச்சு விட்டுப் பாட்டிலை வாங்கிக்கொண்டான்.

ஆய்வகத்தில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த பரிசோதனைக்காரப் பெண் ஃபத்சானி எடுக்கவே இல்லை. "அம்மாடி! சந்தைக் கூட்டமால்ல இருக்கு. இவ்வளவு முட்டைய வச்சுக்கிட்டு எப்படிண்ணே நடமாடுறீங்க?"

லபானி திரும்பிப் பார்த்தான். கூட வந்திருந்த கலிலொம்பே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மனுஷன் கேலி செய்கிறார், கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

"கண்ணாடியில ஏதோ கோளாறும்மா. இன்னொரு தடவ பாத்துடேன்" என்றான் ஃபத்சானியிடம்.

"சரி, நாளைக்கு உச்சி வெயில்ல வாங்க. நல்லாக் குதிச்சுட்டுக் குடுக்கணும். அப்பத்தான் முட்டையெல்லாம் எறங்கி வரும்."

மறுநாள் லபானி மாவுமில்காரரைப் பிடித்தான். அவர் குளித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவர் கொடுத்த பாட்டிலை இடுப்பில் செருகி, சட்டையை மேலே இழுத்து விட்டுக்கொண்டு போனான்.

"குதிங்கண்ணே!"

குதித்தான்.

"இன்னும் ஒசரமா!"

மூடி கழன்றுகொண்டது. மாவுமில்காரரின் உபயம் இரண்டு கால் வழியாகவும் இறங்கியது.

"அய்யய்யோ மாப்ள," கலிலொம்பே பதறினார், "இத உள்ள போயில்ல பண்ணணும்!"

ஃபத்சானி புதுப் பாட்டிலை நீட்டிவிட்டுக் கழிப்பறை வாசலிலேயே நின்றுகொண்டாள். வேறு வழியில்லை. லபானி சொந்தச் சரக்கையே கொடுத்தான்.

அவள் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். "ஒண்ணுகூட இல்லியே! நேத்து இருந்த கூட்டமெல்லாம் எங்க போச்சு?"

லபானி தலையைச் சொறிந்துகொண்டே உண்மையைக் கக்கினான்.

ஃபத்சானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்தப் புழு நத்தையிலதாண்ணே வளருது. நத்தை நாணல் ஓரத்துல இருக்கும். நீங்க மணல்ல படகேறி நடு ஏரிக்குப் போறவரு. உங்க சிநேகிதர் சைக்கிள எங்க கழுவுறாரு?"

"நாணல் ஓரத்துல... பொம்பளைங்க துணி துவைக்கிற எடத்துல."

எசினாலாவை அவன் முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான்.

"அவர ஒடனே வரச் சொல்லுங்க. வயிறு நெறையச் சாப்பிட்டு மாத்திரை போட்டா சரியாயிடும்."

லபானிக்குத் தலைகால் புரியவில்லை. கால்சட்டை நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும். "மாமா, எனக்கு ஒண்ணுமே இல்ல! எப்ப தேதி வைக்கலாம்?"

கலிலொம்பேயின் சிரிப்பைக் காணோம். தலையில் கைவைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துத்தான் எசினாலா ஒரே குதியா குதிச்சா, 'எனக்கு இருக்கற மாதிரியே அவருக்கும் இருக்கா மாமா? அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே மாத்திரை போட்டுக்கறோம்'னு... இப்ப அவகிட்ட இத யாருய்யா போய்ச் சொல்றது?"