கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் இசை விழா

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும். தாங்கள் சௌக்கியமா என்று கேட்கவும் எனக்கு இப்போது மனமில்லை. ஆனாலும் கடிதம் என்றால் விசாரிக்க வேண்டும் என்பதால் விசாரித்துவிட்டேன். தங்கள் மனைவியையும் விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் டிரம்ஸ்காரரிடம் மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை நடக்கப்போகும் பல இன மக்கள் இசை விழாவில், தங்கள் குழுவினர் பட்டியலில் தங்கள் அக்காவின் பெயர் இன்னும் முதலாவதாக நிற்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். இதை நேரில் சொன்னால் தாங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கத்த முடியாத ஒருத்தி நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் கடிதம்.

என் மேல் தாங்கள் கோபமாக இருப்பது தெரியும். ஆனால் இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. எங்கள் பத்திரிகையில் இசை பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார். விழா நெருங்கிவிட்டது, எந்தெந்தக் குழு எந்தெந்த மேடையில் என்று முன்னோட்டம் எழுத ஆளில்லை. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். தலை நரைத்த நாளிலிருந்து மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான், எனக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். "உங்க வீட்டம்மா பாடகி இல்லையா, அது போதும். யாரு, எங்கேருந்து வந்தவங்க, என்ன செஞ்சாங்க, எத்தனை மணிக்கு. ரெண்டுக்கும் கேள்வி ஒண்ணுதானே சார்?" என்றார். "எங்க பக்கத்து ஆளுங்க மறுநாள் போன் பண்ணித் திட்ட மாட்டாங்க சார், இவங்க திட்டுவாங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு குழுவின் ஒத்திகைக்கும் போனேன். மலைநாட்டிலிருந்து வந்தவர்களின் ஊதுகுழல் குழு ஒரு ரொட்டிக்கடையின் மாவுக் கிடங்கில் பயிற்சி செய்கிறது. மூச்சை இழுத்தால் மாவு, விட்டால் சங்கீதம். தலைவர் ரொட்டிக்காரர். ஐந்து நாற்காலி போட்டிருந்தது, நான்கு பேர்தான் இருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தி, "எப்போ போனார்?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஆள் வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போனவர்தான். ஆனால் நான் கேட்ட விதத்தில் ரொட்டிக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள, முகமெல்லாம் மாவாகிவிட்டது. தீவிலிருந்து வந்த பெண்களின் கூட்டுப்பாட்டுக் குழு சலவைக்கூடத்தின் பின்னறையில் பாடுகிறது. அவர்களில் உச்சக் குரல் பாடுகிறவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டாராம். அந்த இடம் வரும்போதெல்லாம் எல்லோரும் சட்டென்று நிறுத்தி, அவர் பாடும் நேரம் வரைக்கும் காத்திருந்துவிட்டுத் தொடர்கிறார்கள். வேறு யாராவது பாடினால் என்ன என்றேன். சலவைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவ திரும்பி வந்து கேட்டா என்னங்க பதில் சொல்றது?" என்றார். அக்கார்டியன் வாசிக்கும் குழாய் வேலைக்காரச் சகோதரர்கள் இரண்டு பேரும் தகப்பனார் போனதிலிருந்து ஒருவரோடொருவர் பேசுவதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள், வாசிப்பு மட்டும் பிசகுவதில்லை. ஒரு குழுகூட இருக்கிறவர்களைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் இல்லாதவரைப் பற்றித்தான் சொன்னார்கள். அந்த மட்டில் எனக்கு வேலை பழகியதாகவே இருந்தது.

கடைசியாக டயர்க் கடைக்கு மேலே இருக்கும் உங்கள் அறைக்கு வந்தேன். (பார்த்தீர்களா, 'தாங்கள்' போய்விட்டது. கோபம் வந்தால் எனக்கு மரியாதை படிப்படியாகத்தான் இறங்கும்.) நடுவில் ஒரு மைக் ஸ்டாண்டு தனியாக நின்றது. நான் பையை அதில் மாட்டினேன். உங்கள் டிரம்ஸ்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "மாமா, பையை எடுங்க. அது அக்காவோடது" என்றார். அவளுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து இத்தனை மாதமாகிறது. பேசலாம், பாட முடியாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவளோ பேசவும் மாட்டேன் என்கிறாள். வீட்டுக்குள் என்னிடம் மட்டும் இரண்டு சொல். கடையில் விரலைக் காட்டித்தான் எதையும் வாங்குகிறாள். அந்தக் கரகரப்பை நாலு பேர் கேட்கக் கூடாது என்று, பேருந்தில் நடத்துனரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லாமல், எங்கேயோ இறங்கி நடந்து வந்திருக்கிறாள். நீங்களோ அவளுக்கு மைக் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது பாசம். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே, அது தனக்குத் தெரிந்த பாதையிலேயே போயிற்று. ரொட்டிக்காரர் குழு 'ஐவராக வாழ்ந்துவந்து, தற்போது நால்வரைத் துயரில் ஆழ்த்தியுள்ளது' என்று எழுதியது. தீவுப் பெண்களின் நிகழ்ச்சி 'மாலை நான்கு மணியளவில் பெரிய மேடையிலிருந்து புறப்படும்' என்றும், 'உற்றார் உறவினர் இதையே நேரில் வந்த அழைப்பாக ஏற்கவும்' என்றும் எழுதியது. உங்கள் குழுவுக்கு வந்தபோது, முதன்மைப் பாடகியின் குரல் நீண்ட சிகிச்சைக்குப் பின் நம்மை விட்டுப் பிரிந்தது என்று எழுதி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? 'அவருக்குக் கணவரும் ஒரு தம்பியும் உள்ளனர்' என்று சேர்த்து முற்றுப்புள்ளி வைத்தேன். அந்த வரி இல்லாமல் எனக்கு ஒரு பத்தி முடிந்த மாதிரியே இருக்காது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கலைப் பக்கம் முழுவதையும் மெத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டது. பக்கம் கட்டுகிறவர் மொத்தத்தையும் தூக்கி, எங்கே இடமிருந்ததோ அங்கே போட்டார். இடமிருந்தது என் பக்கத்தில். கறுப்புக் கட்டம் தானாகவே வந்துவிட்டது.

காலையில் கதவு தட்டப்பட்டது. முதல் ஆள் உங்கள் டிரம்ஸ்காரர். கையில் மலர்வளையம். முந்தின நாள் அவளுக்காக மைக்கைக் காவல் காத்தவர், பத்திரிகையில் போட்டிருக்கிறார்களே என்று நம்பி ஓடி வந்திருக்கிறார். கதவைத் திறந்தவள் உங்கள் அக்கா. அவர் அவளைப் பார்த்தார், மலர்வளையத்தைப் பார்த்தார், படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே மேல்மாடித் தையற்காரர், பல் மருத்துவர், அந்த அக்கார்டியன் சகோதரர்கள். சகோதரர்கள் இருவருக்கும் அவள் முகம் தெரியாது. கறுப்புக் கோட்டோடு ஜன்னலுக்குக் கீழே நின்று சோக கீதம் வாசித்தார்கள். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டுதான். அவள் வாய் திறந்து, "நான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. எல்லோரையும் சைகையால் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். மறைந்தவர் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். விழாச் செயலர் போன் செய்து, நாங்கள் நடத்துவது விழாவா இரங்கல் கூட்டமா என்று கேட்டார். சந்தோஷப்பட்ட ஒரே ஆள் ரொட்டிக்காரர். எங்களைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் எழுதியதில்லை என்று அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவள் என்னிடமும் பேசுவதில்லை. முன்பு பேசாமல் இருந்ததற்கும் இப்போது பேசாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும். சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்தில் தெரியும்.

இனி நீ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நேற்று அவள் குளியலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு உள்ளே எதையோ முயற்சி செய்துகொண்டிருந்தாள். உன் குழுவின் முதல் பாட்டு. இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. நாற்காலியைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன். எனக்கு அழுகை வந்தது; அதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. இவளை நீ ஆயிரம் பேர் முன்னால் நிறுத்தினால் அவர்கள் கைதட்டத்தான் செய்வார்கள். அது எந்தக் கைதட்டல் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருடம் நல்ல கைதட்டல் வாங்கியவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? அதை அவள் தாங்கமாட்டாள். அவள் தாங்கினாலும் நான் தாங்கமாட்டேன். பெயரை எடுத்துவிடு. மைக்கையும் எடுத்து மூலையில் வை. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள், டயர்க் கடைக்காரர் காது கேட்கத் திட்டு.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். உன் கிடார் கம்பி அறாமல் இருக்கட்டும். விழா நன்றாக நடக்கட்டும், நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: பெயரை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்.

அலுவலகத்தில் உறையை ஒட்டப் போகும்போது, கீழே விளம்பரம் வாங்குகிற பெண் போன் செய்தாள். "சார், மரண அறிவிப்பு கொடுக்க ஒரு அம்மா வந்திருக்காங்க. கொஞ்சம் கீழ வாங்க. இறந்தவங்க பேரும் கொடுக்கிறவங்க பேரும் ஒண்ணா இருக்கு" என்றாள். இறங்கிப் போனேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அக்கா அந்தக் குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் சில இடத்தில் புரியாமல், "மறுபடி சொல்லுங்கம்மா" என்றாள். அவள் மறுபடி சொன்னாள், இன்னும் பலமாக. 'இதே பக்கத்தில் மறைந்ததாகக் கருதப்பட்டவர் சனிக்கிழமை மாலை இரண்டாம் மேடையில் தம்பியின் குழுவோடு நிற்பார். பாட மாட்டார். பாட்டுகளுக்கு நடுவில் பேசுவார். மலர்வளையம் கொண்டுவந்தவர்கள் கைதட்டவும் வரலாம்.' நானே பிழை பார்த்தேன். ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை.

கடைசியில் அந்தப் பெண், "படிவத்துல உறவுமுறைன்னு ஒண்ணு கேட்டிருக்கும்மா. இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். உன் அக்கா விளம்பரப் பணத்தை எண்ணி வைத்தாள்.

"ரொம்ப நாள் பழக்கம்" என்றாள்.