நடக்கவும் அடிக்கவும் ஒரு தடி

கையில் ஒரு தடி வந்துவிட்டால் மனிதருக்குத் தானாகவே ஒரு எதிரி தேவைப்பட்டுவிடுகிறது. அனுபவத்தில் சொல்கிறேன்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் கம்பெனிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், கொஞ்ச நாள் கைத்தடி ஊன்றி நடக்கச் சொன்னார். அதே வாரம் பக்கத்து வீதியில் ஒரு அம்மாவின் செயினை அறுத்துக்கொண்டு ஒருவன் பைக்கில் பறந்துவிட்டான். இந்த இரண்டும் என் மூளைக்குள் ஒன்றாகக் கலந்ததுதான் கெட்ட நேரம். எப்படியும் தடி வாங்கப் போகிறோம், அடிக்கவும் ஆகிற மாதிரி வாங்கினால் என்ன?

என் வீட்டுக்காரர் பழனிச்சாமி அதிர்ந்து பேசாதவர். "சரசு, டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, சண்டைக்குப் போகச் சொல்லல" என்றார். அதற்குமேல் வாதாடும் பழக்கம் அவருக்கு இல்லை. (நான் விட்டதும் இல்லை.)

திருப்பூர் டவுனில் ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். பனியனில் ஓட்டை தேடுகிற கண்ணோடு தடிகளை ஆராய்ந்தேன். மரத்தடி நல்ல கனம். நான் அதை ஓங்கி முடிப்பதற்குள் திருடன் பல்லடம் தாண்டியிருப்பான். அடுத்தது, கீழே நான்கு கால் வைத்தது. கையை எடுத்தாலும் தானாக நிற்கும் என்று கடைக்காரர் பெருமைப்பட்டார். நான் அடிவாங்கும்போதும் அது அப்படியே நின்று வேடிக்கை பார்க்கும் என்று ஒதுக்கிவிட்டேன். வளைந்த கைப்பிடி உள்ள ஒன்றை எடுத்து, ஓடுகிறவனை மாட்டி இழுக்க முடியுமா என்று வீட்டுக்காரரின் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். முட்டிக்கு உறை வாங்க வந்திருந்த ஒருவர் வாங்காமலே வெளியே போய்விட்டார்.

கடைக்காரர் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க, இது நடக்கறதுக்குங்களா, அடிக்கறதுக்குங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க."

அவர் உள்ளே போய் ஒரு மடக்குத்தடி கொண்டுவந்தார். மடக்கினால் கைப்பைக்குள் அடங்கும், உதறினால் நீளும். கைப்பிடியில் டார்ச்சும் சைரனும் இருந்தன. தடியைப் பற்றி அவர் ஏதோ எச்சரித்தார். நான் அப்போது சைரனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. அதையே வாங்கினேன்.

அந்தச் சமயம் எங்கள் மகனுக்குப் பொங்கலூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தோம். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ மாற்றிக்கொண்டோம். அவர்கள் பதிலுக்காகத்தான் காத்திருந்தோம்.

ஒருநாள் மாலை கம்பெனி வேன் என்னை வீதி முனையில் இறக்கிவிட்டுப் போனது. ஊன்றி ஊன்றி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்து என்னை ஒட்டி நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள் உள்ளிருந்து ஏதோ முணுமுணுத்தான். என் பக்கம் கை நீண்டது. எனக்குக் கை மட்டுந்தான் தெரிந்தது, அதிலிருந்த செல்போன் தெரியவில்லை. முதலில் அமுக்கியதில் டார்ச் எரிந்தது. அடுத்து அமுக்கியதில் சைரன் அலறியது. கண்ணை மூடிக்கொண்டு வீசினேன்.

கடைக்காரர் எச்சரித்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. தடித் துண்டுகளை உள்ளே ஒரு ரப்பர் கயிறுதான் பிடித்திருக்கிறது. வீசிய வேகத்தில் துண்டுகள் கழன்று, கீழ்ப்பாதி ஹெல்மெட்டை 'டங்' என்று அறைந்துவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து என் நெற்றியில் இறங்கியது. திருடனுக்கு ஹெல்மெட் இருந்தது. எனக்கு இல்லை.

வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. அந்த ஆள் நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். மீசை நரைத்த, நல்ல முகம். சைரன் சத்தத்தை மீறிப் பேசினார்.

"நானொண்ணும் பண்ணலீங்க்கா. இந்த வீதியில பழனிச்சாமிங்கறவரு ஊடு எதுன்னு கேக்கத்தான் வந்தேனுங்க. அவரு பையனுக்கு எங்கக்கா பொண்ணப் பேசியிருக்குதுங்க. குடும்பம் எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிக்கலாம்னு." அவர் நீட்டிய போனில், நாங்கள் அனுப்பிய போட்டோவில் என் மகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெண்ணின் தாய்மாமன். ஓட முடியாது, கால் சரியில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரொம்ப நல்ல குடும்பங்க. அமைதியானவங்க."

அவர் நம்பிக்கையோடு தலையாட்டிக்கொண்டிருந்தபோதுதான், "சரசு, என்னாச்சு?" என்று கூப்பிட்டபடி என் வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடிவந்தார். கூட்டத்தில் யாரோ அவரைக் காட்டி, "நீங்க கேட்ட பழனிச்சாமி இவருதானுங்க. இது அவரு சம்சாரம்" என்று உதவி செய்தார்கள்.

தாய்மாமன் என்னைப் பார்த்தார், தொங்கிக்கொண்டிருந்த தடியைப் பார்த்தார். வீட்டுக்கு அழைத்துப்போய்க் காபி கொடுத்தோம். சைரன் நிற்கவே இல்லை. வீட்டுக்காரர் அதைத் தலையணைகளுக்கு அடியில் புதைத்து மேலே உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி மழையைப் பற்றிப் பேசினார். மகன் என்னோடு பேசவில்லை. நெற்றி வீக்கத்தைவிட அதுதான் வலித்தது. இந்தச் சம்பந்தம் போயிற்று என்றே நினைத்துப் படுத்தேன்.

மறுநாள் பொங்கலூரிலிருந்து போன். பேசியது பெண்ணே. மாமன் நடந்ததைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டதாம். "எனக்குச் சம்மதங்க அத்தை" என்றாள். நெற்றியில் மஞ்சள் பற்றோடு நான் அழுதேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அந்தத் தாய்மாமன் இன்றுவரை எங்கள் வீட்டுக்குள் நேராக வந்ததில்லை. கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு எனக்குப் போன் அடிக்கிறார்.

"அக்கா, வந்துட்டேனுங்க. கையில ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் போனை வாங்கிக்கொள்கிறாள்.

"தோசைக்கரண்டி மட்டுந்தான் மாமா. தைரியமா வாங்க."